பூவாடைக்காரி

இளம்பரிதி எழுதிவந்த, தொழிற்சங்கத் தலைவர் மாசிலாமணியின் வாழ்க்கை வரலாற்றில் ஓர் அத்தியாயம்தான் பாக்கி: அவர் மனைவி வேதவல்லியின் பிறந்த வீடு. ஐம்பது வருடங்களுக்கு முன் தலைவரோடு ஓடிப்போனவர், அப்புறம் அந்த வாசலை மிதித்ததே இல்லை. "நீ போய்க் கேட்டு எழுதிக்கிட்டு வாப்பா" என்று வேதவல்லி எதிர்ச்சாரியில் நின்ற காரிலேயே உட்கார்ந்துவிட்டார். இளம்பரிதி நோட்டோடு உள்ளே போனான். அன்று ஆடி வெள்ளி. கூடத்தில் இலை போட்டு, புதுப் பாவாடை, தாவணி, கண்ணாடி வளையல் எல்லாம் வைத்திருந்தார்கள்.

"எங்க பூவாடைக்காரி சார்" என்றாள் அந்த வீட்டு மருமகள், இடுப்பில் குழந்தையோடு. "என் மாமனாருக்கு அக்கா. வேதவல்லின்னு பேரு. கல்யாணம் ஆவறதுக்கு முந்தியே காய்ச்சல்ல போய்ட்டாங்களாம். அதான் சாமியா வச்சிக் கும்புடறோம். எனக்குக் கல்யாணமாயி ஏழு வருஷம் கழிச்சி இவன் பொறந்ததே இவங்களை வேண்டிக்கிட்டுத்தான்."

இளம்பரிதி நோட்டைத் திறக்கவே இல்லை.

மருமகள் கற்பூரத் தட்டோடு வாசலுக்கு வந்தாள். வருடா வருடம் அழைக்கிற மாதிரியே தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "வேதவல்லித் தாயே, ஊட்டுக்கு வாம்மா! உனுக்குப் புடிச்ச கொழுக்கட்ட செஞ்சி வச்சிருக்கோம், நீ குடுத்த புள்ளயும் இடுப்புல இருக்கான், வந்துடும்மா!"

அவன் காருக்கு ஓடினான். கண்ணாடி இறங்கியிருந்தது. வேதவல்லியின் கை கதவுப்பிடியில் இருந்தது. எதிரே அந்த இடுப்புக் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தவர், மெல்லக் கையை எடுத்துக்கொண்டார்.

"வந்துட்டேம்மா" என்றார், தனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டு டிரைவரிடம் சொன்னார்: "வண்டியை எடுப்பா."