அசையாத பள்ளம்

"யாரைக் கேட்டு உள்ளே வந்தே?"

ரங்கராஜன் போட்ட சத்தத்தில் பவுன் திடுக்கிட்டுத் திரும்பினாள். சோதனை அறைக்குள் பாலிஷ் பிரிவு ஆட்கள் காலே வைக்கக் கூடாது. அவளோ மெஷினில் மாட்டியிருந்த கண்ணாடியில் கை வைத்திருந்தாள்.

ஒரு செயற்கைக்கோளிலிருந்து இன்னொன்றுக்கு லேசர் ஒளியில் செய்தி அனுப்ப உதவும் கண்ணாடி அது. சாகண் தொழிற்பேட்டையில் உள்ள அந்தச் சின்னக் கம்பெனியில் அதுதான் தொழில்.

பாலிஷ் பிரிவின் பவுன், சுனில் இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் திங்கட்கிழமை வேலை நிரந்தரமாகப் போகிறது. ஆளுக்கொரு கண்ணாடி தேய்த்துக் கொடுத்திருந்தார்கள். பெயர் கிடையாது, நம்பர் மட்டும். எது யாருடையது என்று சோதிக்கிற ரங்கராஜனுக்கே தெரியாது; அதில் அவருக்கு ஏகப் பெருமை.

முதல் சோதனையில் இரண்டிலுமே பள்ளம். திருத்தித் தரச் சொன்னதில் நேற்று ஒன்று பாஸ். இது மறுபடியும் ஃபெயில்.

"ஃபெயிலானதும் மெஷினை நோண்ட வந்துட்டியாக்கும்? வலது பக்கம் மேலே பள்ளம். ஆழம் தலைமுடி கனத்துல ஆயிரத்துல ஒரு பங்குதான். ஆனா லேசர் போக வேண்டிய தூரம் ஐயாயிரம் கிலோமீட்டர். போறதுக்குள்ள ஒளி சிதறி வலுவே போயிடும். புரியுதா?"

"புரியுது சார். இந்தக் கண்ணாடிய கொஞ்சம் திருப்பி மாட்டிப் பாருங்க."

"அம்புக்குறி மேலே இருக்கிற மாதிரிதான் மாட்டணும். அதான் இங்கே ரூல்."

"ஒரே ஒரு வாட்டி சார். அப்பறம் என்னை என்ன வேணா செய்யுங்க."

செக்யூரிட்டியைக் கூப்பிடப் போனை எடுத்தவர் கீழே வைத்தார். கோபத்தை மீறி, என்னதான் ஆகும் பார்ப்போமே என்ற ஆசை. அவரே கண்ணாடியைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினார்.

பள்ளம் இடது பக்கம் கீழே போயிருக்க வேண்டும். போகவில்லை. திரையில் அதே வலது பக்கம், மேலேயே நின்றது.

பக்கவாட்டில் திருப்பினார். அப்போதும் அங்கேயேதான்.

"அரே! கண்ணாடியில பள்ளம்னா கண்ணாடியோட சேர்ந்து சுத்தணுமே!"

"ஆமா சார். பள்ளம் நம்ம மெஷினு லென்ஸ்ல இருக்கு. இந்தக் கண்ணாடியில ஒரு குறையும் இல்ல."

ரங்கராஜன் நாற்காலியில் உட்கார்ந்தார். நல்ல வேலையைத் தூக்கிக் குப்பையில் போட இருந்தோமே என்று வெட்கமாக இருந்தது.

"மன்னிச்சுக்கோ பவுன், உன்னைத் தப்பா நினைச்சுட்டேன். வேலை உனக்குத்தான்" என்றவருக்கு அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. "இரு, இரு. அப்போ நேத்து பாஸ் பண்ணினோமே, அது?"

"அதுல அதே எடத்துல மேடு இருக்கும் சார். மெஷினு காட்டுன பள்ளத்த நம்பி, சுத்தி இருக்கறத எல்லாம் தேச்சு எறக்குனா அப்படித்தான் ஆவும். மேடும் பள்ளமும் சரியாப் போயி, படத்துல சமமாத் தெரிஞ்சிருக்கு."

"அதை யார் தேய்ச்சது?"

பவுன் கையுறைகளைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள்.

"நான்தான் சார். இது சுனில் தேச்சது."