ரெண்டு இட்லி

மலை உச்சியில் இருந்த தொலைநோக்கி வானத்தைப் பார்த்துக் கத்தியது: "அட, ரெண்டு இட்லி!"

அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு விண்மீன் மண்டலங்கள் இருந்தன. ஒன்று உருண்டை, இன்னொன்று தட்டை. தட்டைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் ஆப்பம்யா! நடுவுலதான் தொப்பை, ஓரமெல்லாம் மெல்லிசு. பக்கவாட்டுல வந்து பாரு!"

தொலைநோக்கி எப்படி வரும்? நேர் எதிரே நின்ற அதற்கு வட்டம் மட்டும்தான் தெரிந்தது. "இட்லியேதான்," என்றது.

தட்டையின் முகம் வாடிவிட்டது.

உருண்டை சொன்னது: "நான் உன் பக்கவாட்டுலதானே இருக்கேன்? தினமும் பார்க்கிறேன். அச்சு அசல் ஆப்பம்! என்னைத்தான் எந்தப் பக்கம் பார்த்தாலும் இட்லி."

இரண்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தன.

மறுநாளும் தொலைநோக்கி கத்தியது: "ரெண்டு இட்லி!"

"ஆமாங்க, சூடா இருக்கோம்!" என்றது ஆப்பம்.