முக்காலி உயரம்

"கீழ விழுந்ததை எல்லாம் யாரு எடுத்துத் தருவா, மாமா?" என்று மாடிவீட்டுச் சிறுமி ஒருநாள் கேட்டாள்.

"யாருமில்ல கண்ணு. டிஸ்க் தேஞ்சுபோச்சு. இந்த இடுப்பு எங்கிட்ட கோவிச்சுக்கிட்டு எட்டு வருஷமாச்சு," என்றார், கீழ்வீட்டில் தனியாக வாழும் கடிகார ரிப்பேர்காரர்.

அன்றிலிருந்து தினமும் வந்து, சிந்திய திருகாணிகளைப் பொறுக்கி முக்காலிமேல் வைத்தாள். மேசை அவளுக்கு எட்டாது.

போன மாதம் அவள் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது. மாடி பூட்டிக் கிடக்கிறது. இவரும் கதவைத் தாழிட்டுத்தான் படுக்கிறார். ஆனாலும் முந்தின நாள் விழுந்த திருகாணிகள் காலையில் முக்காலிமேல் இருக்கின்றன. "நல்லா இரு கண்ணு," என்று சொல்லிவிட்டு வேலைக்கு உட்காருவார்.

இன்று கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தபோது, எதிரே அலமாரிக்கு அடியில் அவளுடைய சிவப்பு ஹேர்பின் ஒன்று தெரிந்தது. முன்னால் தூசியில் சின்ன விரல்கள் துழாவிய தடம். அந்த விரல்களுக்கு ஹேர்பின் ஒரு சாண் எட்டவில்லை.

கடவுளை நினைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்து, ஒவ்வொரு முழங்காலாக ஊன்றினார். வலியில் உயிர் போனது. அதை எடுத்துக்கொண்டு எழுந்திருக்க அரைமணி நேரமாயிற்று.

ஹேர்பின்னைத் துடைத்து முக்காலிமேல் வைத்தார். அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தபோது, முக்காலி காலியாக இருந்தது.