பின்னால் நின்றவள்

அடுத்த படத்தைத் தள்ளினான்.

செம்பருத்தி. மகரந்தத் துகள்களை எண்ணிவிடலாம் போல அத்தனை துல்லியம். பின்னால் நீலமாய் ஒரு கலங்கல்.

அந்தக் கலங்கல்தான் கலாமணி.

அடுத்தது. பித்தளைச் சொம்பு, அதன் விளிம்பில் விழலாமா வேண்டாமா என்று நிற்கும் ஒரு சொட்டுத் தண்ணீர். பின்னால் மஞ்சளாய்க் கலாமணி.

அடுத்தது. கொடிக்கயிற்றில் உட்கார்ந்த தும்பி. பின்னால் பச்சையாய் அவள்.

வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் கலாமணி கிடந்தாள். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், எழவே இல்லை.

மச்சினன் நாச்சிமுத்து அறை வாசலில் வந்து நின்றான். அழுது அழுது அவன் குரல் கட்டியிருந்தது.

"ஃபிளெக்ஸ் அடிக்கக் குடுக்கோணும் மாமா. அக்கா மொகம் தெளிவா இருக்கற மாதிரி ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு போதும்."

ஒரே ஒரு படம். இத்தனை வருடம் கேமராவோடு குடித்தனம் நடத்தியவனிடம் கேட்கிறார்கள்.

அவன் தள்ளிக்கொண்டே போனான்.

தொழில் போட்டோக்காரன் இல்லை அவன். தறிப்பட்டறையில் வேலை. கேமரா பழையது, லென்ஸ்கள் அதைவிடப் பழையவை. மூடிப்போன ஸ்டுடியோ, ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, காயலான் கடை என்று எங்கெங்கோ பொறுக்கியவை. பூஞ்சை பிடித்தது, கீறல் விழுந்தது, வளையம் இறுகிப்போனது. அவற்றைத் துடைத்து, சரிக்கட்டி, கையாலேயே வளையத்தைத் திருகித் திருகி, பணக்காரன் லென்ஸ் எடுக்கிற படத்தை இதில் எடுத்துக் காட்டுவதில் அவனுக்கு அப்படியொரு திமிர். சந்தோஷம் என்றும் சொல்லலாம். சந்தோஷமாகத்தான் இருந்தான்.

லென்ஸ் வந்து சேர்ந்த அன்றைக்கே அதைச் சோதித்தாக வேண்டும். முன்னால் ஏதாவது ஒரு சாமான். பின்னால், துவைக்கிற கல்லுக்கு அந்தப்புறம், கொல்லைச் சுவரோரம் கலாமணி. முன்னால் இருப்பது பளிச்சென்று விழ வேண்டும். பின்னால் இருப்பது கரைய வேண்டும். எவ்வளவு அழகாகக் கரைகிறதோ அவ்வளவு நல்ல லென்ஸ்.

வெறும் சுவர் கரைந்தால் தெரியாது. நிறம் வேண்டும்.

அவளிடம் நிறநிறமாய்ச் சேலை இருந்தது.

"ஏனுங்க, வெயில்ல நிக்க முடியலீங்க. வேர்வையில பொட்டு நழுவுது."

"அசையாத புள்ள. இந்த ஒண்ணுதான்."

ஒருநாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ற மூஞ்சியவே காணமுங்க?"

"அதான் லென்சோட அருமையே."

அவள் சிரித்தாள். என்னவோ பெரிய காரியத்துக்குத் தானும் ஒத்தாசை செய்துவிட்ட சிரிப்பு. அதையாவது எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

படங்களை வாட்ஸாப் குழுவில் போடுவான். பின்னால அப்படியே வெண்ணெயா கரையுது தலைவா, என்று எழுதுவார்கள். அவன் மீசையை நீவிக்கொள்வான்.

அந்த வெண்ணெய் யாரென்று எவனும் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை.

விசேஷ வீடுகளில் யாராவது செல்போனைத் தூக்கினால் கலாமணி முந்தானையால் முகத்தை மறைத்துக்கொள்வாள். "போங்கடி. எங்கூட்டுக்காரரே பெரிய கேமரா வெச்சிருக்கறாரு" என்பாள். பெருமை தாங்காது அவளுக்கு.

கல்யாண ஆல்பத்தைக் கறையான் தின்றுவிட்டது. போனால் போகிறது, புதிதாக நாமே எடுத்துக்கொள்ளலாம் என்று அவன்தான் சொன்னான்.

கடைசிப் படமும் வந்துவிட்டது. எலுமிச்சம்பழம். பின்னால் ஊதாவாய்.

அவனுக்குத் தன் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

"இல்ல மாப்ள" என்றான்.

நாச்சிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஆதார்ல இருக்கறதையே பெருசு பண்ணச் சொல்லிடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

ஆதார் படம். களவாணியாட்டம் இருக்கறனுங்க, என்று அவளே அதைக் கவிழ்த்து வைப்பாள். அதைத்தான் இனி ஊர் பார்க்கப்போகிறது.

உட்கார முடியவில்லை. கேமராவைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு வந்தான். கூடத்து ஒப்பாரி அங்கேயும் கேட்டது. வழக்கமாய் மண்டியிடும் இடத்தில் மண்டியிட்டான்.

முன்னால் வைக்க ஒன்றுமில்லை.

கண்ணை வைத்துப் பார்த்தான். போன வாரம் எலுமிச்சம்பழத்துக்குத் திருகிவிட்ட வளையம் அப்படியே இருந்தது. சுவர் வெள்ளைப் புகையாகத் தெரிந்தது. அங்கே நின்றவளை அவன் ஒருநாளும் தேடிப் போனதில்லை.

வளையத்தை மறுபக்கமாகத் திருப்பினான். அது இறுகி, முனகி, நகர்ந்தது.

சுவர் மெல்ல மெல்லக் கிட்டே வந்தது. சுண்ணாம்பு பெயர்ந்த திட்டுகள் தெரிந்தன. அப்புறம் அதன்மேல் புள்ளிகள்.

பூச்சி என்றுதான் முதலில் நினைத்தான். இன்னும் கொஞ்சம் திருப்பினான்.

பொட்டுகள்.

அரக்கு, கறுப்பு, சிவப்பு. வெயிலில் வெளுத்தது, ஓரம் சுருண்டது, நேற்று ஒட்டியது போல் புதியது. வேர்வையைத் துடைக்கிறபோதெல்லாம் எடுத்து ஒட்டி, அப்படியே மறந்துவிட்டுப் போனவை. எல்லாம் அவள் நெற்றி உயரத்தில்.

வளையம் முட்டி நின்றது. இதற்குமேல் தெளிவு இல்லை.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"அசையாத புள்ள" என்றான். "இந்த ஒண்ணுதான்."