தலையை நிமிர்த்தி

பந்தைப் பார்த்துக்கொண்டேதான் தட்டினாள்.

இடது கை. தரை. இடது கை. தரை.

எதிரே, கூடைப்பந்து ரிங்குக்குக் கீழே, பிளாஸ்டிக் நாற்காலியில் ஜெனிட்டா உட்கார்ந்திருந்தாள். வலது காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி வைத்திருந்தாள். தொடையிலிருந்து கெண்டைக்கால்வரை கறுப்புப் பட்டை. ஊன்றுகோல் கம்பத்தில் சாய்ந்திருந்தது.

ஜெனிட்டா ஒரு கையை உயர்த்தி விரல்களைக் காட்டுவாள். இவள் பந்தைத் தட்டியபடியே அதைப் பார்த்து எத்தனை என்று சொல்ல வேண்டும். கண் பந்தில் இருந்தால் எதிராளி வருவது தெரியாது. பந்தைக் கை பார்த்துக்கொள்ள வேண்டும். கண் ஆட்களைப் பார்க்க வேண்டும்.

"எத்தன?"

இவள் தலையைத் தூக்கப் போனாள். பந்து காலில் பட்டு வேலியோரம் ஓடியது.

எடுத்து வந்தாள். மறுபடியும் குனிந்தாள்.

இது இவளுடைய வேலையே இல்லை. இவள் உயரம். ரிங்கின் கீழே நிற்பாள். பந்து தேடி வரும். வாங்கிப் போடுவாள். பின்னாலிருந்து பந்தைத் தட்டிக்கொண்டு வருவது, ஆட்களைக் கடப்பது, யாரிடம் கொடுப்பது என்று ஓடும்போதே முடிவு செய்வது, எல்லாம் ஜெனிட்டா. ஆறாம் வகுப்பிலிருந்து அப்படித்தான். நீ நில்லு, நான் கொண்டுவாரேன் என்பாள். கொண்டுவருவாள்.

பள்ளி திறந்த வாரத்தில் ஒரு பயிற்சி ஆட்டம். இருவரும் எதிரெதிர் அணியில் இருந்தார்கள். ரிங்கில் பட்டுத் திரும்பிய பந்துக்கு இருவரும் எம்பினார்கள். ஜெனிட்டா முதலில் இறங்கினாள்.

இவள் இறங்கியது அவள் முழங்கால்மேல்.

ஜவ்வு கிழிந்துவிட்டது என்றார்கள். விளையாட்டில் இதெல்லாம் நடப்பதுதான் என்று பி.டி. டீச்சர் சொன்னார். ஜெனிட்டாவின் அம்மாவும் அதையே சொல்லி, ஆஸ்பத்திரி வராந்தாவில் இவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

சொல்லியிருக்கலாம்.

மாவட்டப் போட்டி நெருங்கியது. பந்தை முன்னே கொண்டுபோக ஆள் இல்லை. டீச்சர் ஒவ்வொருவராக ஓடவிட்டுப் பார்த்து, கடைசியில் இவளைச் சொன்னார். முடியாது என்றாள். அந்த இடம் வேண்டாம் என்றாள்.

மறுநாள் மாலை ஜெனிட்டா ஆட்டோவில் வந்து இறங்கினாள். தான் சொல்லித் தருவதாக டீச்சரிடம் சொன்னாள். இவளிடம் எதுவும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் வந்தாள்.

உள்ளங்கை படக் கூடாது, விரல் நுனி மட்டும் என்றாள். பந்து இடுப்புக்கு மேலே எழக் கூடாது என்றாள். முழங்காலை நன்றாக மடக்கு என்றாள்.

முழங்கால் என்று சொல்லும்போது ஜெனிட்டாவின் குரல் மாறவில்லை. பந்து இவள் கையிலிருந்துதான் நழுவியது.

மெல்ல மெல்ல கை பழகியது. பந்து இடமும் வலமும் மாறியது. கால்களுக்கு நடுவே போய்த் திரும்பியது. தலை மட்டும் நிமிரவில்லை. கழுத்துக்குப் பழக்கம் இல்லை, வந்துவிடும் என்றார் டீச்சர்.

கழுத்து இல்லை.

நிமிர்ந்தால் ஜெனிட்டாவின் முகம் இருக்கும்.

விழுந்த நாளிலிருந்து இவள் அதைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் போர்வையைப் பார்த்தாள். ஆட்டோவிலிருந்து கைகொடுத்து இறக்கும்போது தரையைப் பார்த்தாள். இங்கே பந்தைப் பார்க்கிறாள்.

மற்றப் பிள்ளைகள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உப்பளத்துப் பக்கமிருந்து காற்று எழுந்தது. சிமெண்டுத் தரையில் பந்தின் சத்தம் மட்டும் கேட்டது.

ஜெனிட்டா கையை இறக்கிக்கொண்டாள். விரல் எதுவும் காட்டவில்லை.

"ஏட்டி, பந்தப் பாக்காத. என்னையப் பாரு."

நிமிர்ந்தாள்.

ஜெனிட்டா மெலிந்துபோயிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அந்த முகத்தில் கோபம் இருக்கும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். தேடிப் பார்த்தாள்.

இல்லை.

"அப்பிடியே தட்டு. நிப்பாட்டிராத" என்றாள் ஜெனிட்டா. பிறகு, அதே குரலில், "நேத்து டாக்டரப் பாத்தோம். ஆபரேசன் பண்ணா நடந்துக்கிடலாமாம். இனிம வெளையாடக் கூடாதாம்."

காற்றுக்கு அவள் தலைமுடி முகத்தில் விழுந்தது. ஒதுக்கிவிட்டுக்கொண்டாள்.

மாநில அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு முறையாவது ரயிலேறிவிட வேண்டும் என்று எப்போதும் சொல்வாள். ஜன்னலோர இடம் தனக்குத்தான் என்பாள்.

இவளுக்குக் கண் நிறைந்து நாற்காலி கலங்கியது. பட்டை கலங்கியது. முகம் கலங்கியது. எதுவும் தெரியவில்லை.

கீழே பந்து நிற்கவில்லை.

இடுப்புக்குக் கீழாக, விரல் நுனியில், சீராக எழுந்து சீராக இறங்கியது. சொல்லித் தந்தபடியே.

தவறட்டும் என்று நினைத்தாள். இப்போது ஒரு தடவை மட்டும் தவறட்டும்.

கை கேட்கவில்லை.

ஜெனிட்டா அந்தக் கையைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

பிறகு காலை மெல்லக் கீழே இறக்கி எழுந்தாள். தான் நாளையிலிருந்து வர வேண்டியதில்லை என்றாள்.