சிவப்புக் கை

எங்கள் அலுவலகக் கணினியில் வேலைக்குச் சம்பந்தமில்லாத எந்த இணையப் பக்கத்தைத் திறந்தாலும், திரை நிறைய ஒரு சிவப்புக் கை வந்து மறிக்கும். அதைத் தாண்ட ஆளுக்கொரு குறுக்குவழி வைத்திருந்தோம். அப்படித் தாண்டியதற்காகத்தான் போன வாரம் புகழேந்தியை வேலையிலிருந்து தூக்கினார்கள். என் பக்கத்தில் அவருடைய நாற்காலி இன்னும் காலியாகக் கிடந்தது.

இன்று காலை தீபாவளிக்கு ரயில் டிக்கெட் பார்க்கலாமென்று, ஏதோ ஞாபகத்தில் நேராகவே அந்தத் தளத்தைத் தட்டிவிட்டேன். பக்கம் திறந்துகொண்டது. கையைக் காணோம். பதறி மூடிவிட்டு நிமிர்ந்தால், எதிரே மெர்சியும் எதையோ சட்டென்று மூடினாள். கண்கள் ஒருமுறை சந்தித்தன. அவள் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திறந்து கிடக்கிறது என்று வாயைத் திறப்பவர், தட்டிப் பார்த்தவர் என்று ஆகிவிடுமே. நாள் முழுக்க மொத்த அறையும் தலை நிமிராமல் வேலை பார்த்தது. இப்படி ஒரு நாளை நான் பார்த்ததேயில்லை.

மாலையில் நெட்வொர்க் பிரிவு இருதயராஜ் டீ கிளாஸோடு வந்து பொதுவாகக் கேட்டார்: “பிளாக் எல்லாம் இன்னைக்கு ஒழுங்கா வேலை செய்யுதா?”

யாரும் நிமிரவில்லை. அந்த அமைதி எனக்குப் பயமாக இருந்தது.

“செய்யுது சார். அந்தச் சிவப்புக் கைதான் வருது” என்றேன்.

அவர் புகழேந்தியின் நாற்காலியை இழுத்துப் போட்டு, என்னை ஒட்டி உட்கார்ந்தார்.

“எதைத் திறந்தப்ப வந்துச்சு?”