பின்பக்கம் தாழாத வண்டி

பாடாங் மேஹா பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்து வாசலில் காளிதாசன் ஜாகா வேலை, அதாவது காவல் வேலை, பார்த்தார். உள்ளே வருகிற வண்டியை அவர் ஏறிட்டும் பார்ப்பதில்லை. வெளியே போகிற வண்டியைப் பார்ப்பார், ஆனால் திறந்து பார்ப்பதில்லை. பின்பக்கம் தாழ்ந்திருந்தால் உள்ளே திருட்டுக் குலை, நிமிர்ந்திருந்தால் ஆள் யோக்கியன். ஆஸ்பத்திரி எக்ஸ்ரேகூட இவ்வளவு சீக்கிரம் முடிவு சொல்லாது.

இப்படிப்பட்ட காவலையும் மீறி, இந்த வருடம் மூன்று முறை செம்பனைக் குலைகள் காணாமல் போயிருந்தன. மேனேஜர் கூப்பிட்டுச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். இன்னொரு முறை போனால் வேலையும் கிடையாது, தோட்டத்து வீடும் கிடையாது. மனைவி வாசுகியிடம் இதைச் சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தார் காளிதாசன்.

அந்தச் சனிக்கிழமை, மோட்டார் சைக்கிளுக்கு டயர் மாற்றக் கூலிம் டவுனில் விக்னேஸ்வரனின் பட்டறைக்குப் போனார். அங்கே கவுஸ் நின்றுகொண்டிருந்தார். கூலிமில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். தோட்டத்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு மதியச் சாப்பாடு அவருடைய பிக்கப்பில்தான் வரும்.

"பாரம் ஏத்துனா பின்னாடி உக்காந்துருது தம்பி. மேட்டுல ஏறுறப்ப பாதி தால்ச்சா ரோட்டுக்குப் போயிருது" என்றார் கவுஸ்.

விக்னேஸ்வரன் இரண்டு ஜோடிச் சுருள் ஸ்பிரிங்குகளைத் தரையில் நிறுத்தினான். ஒன்றின் கம்பி விரல் கனம். மற்றது அதைவிடத் தடி, பார்த்தாலே தூக்கத் தோன்றாது.

"சின்னதே முந்நூறு கிலோ தாங்கும் பாய். சோத்துக்கு இது போதும்."

"பெருசு?"

"ஒரு டன் ஏத்துனாலும் ஒரு விரல் தாழாது. என் இழுவை வண்டிக்கு அதான் போட்டிருக்கேன். ஆனா காலியா ஓட்டுனா பின்பக்கம் தூக்கிக்கிட்டு நிக்கும். ஒவ்வொரு குழிக்கும் குதிக்கும்."

"குதிச்சா குதிக்கட்டும் லா. தாழக் கூடாது. பெருசையே போடு."

சொல்லிவிட்டுக் கவுஸ் எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனார். விக்னேஸ்வரன் காளிதாசன் பக்கம் குனிந்தான்.

"சோறு கொண்டு போறவருக்கு ஒரு டன் ஸ்பிரிங் எதுக்குண்ணே? நீங்க பின்பக்கத்தப் பாத்துதானே வண்டிய விடுறீங்க?"

காளிதாசனுக்கு மூன்று திருட்டும் ஒரே நொடியில் துலங்கிவிட்டன. ஸ்பிரிங்கே இன்றுதான் மாட்டுகிறார்கள் என்ற சின்ன இடைஞ்சலை அவர் பெரிதுபடுத்தவில்லை.

திங்கட்கிழமை மதியம் கவுஸின் பிக்கப் குதித்துக் குதித்து வாசலுக்கு வந்தது. பின்பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. தாழ்ந்தால் திருடன் என்றிருந்த காளிதாசனின் சட்டம் இரண்டே நாளில் வளர்ந்திருந்தது: தாழாவிட்டால் பெரிய திருடன்.

"எல்லாத்தையும் இறக்குங்க."

"காலித் தேக்சாதான் காளி."

"காலியான்னு நான் சொல்லணும்."

தேக்சாக்கள் ஒவ்வொன்றாக இறங்கின. காளிதாசன் மூடியைத் திறந்து, உள்ளே தலையை விட்டு, அடியில் தட்டிப் பார்த்தார். கவுஸ் வேப்பமர நிழலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

"மோந்து பாருப்பா. எந்தச் சட்டியில புளி கூடிப்போச்சுன்னும் சொல்லிரு."

பின்னால் ஹாரன் கேட்டது. விக்னேஸ்வரனின் இழுவை வண்டி. தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டிய பழைய பிக்கப் ஒன்று, பின்பக்கம் சங்கிலியில் உயர, முன்சக்கரங்கள் தரையில் உருள, அதன் பின்னால் தொங்கி வந்தது.

"மருந்தடிக்கிற கான்ட்ராக்டரோட வண்டிண்ணே. கியர்பாக்ஸ் போச்சு" என்றவன், குரலைத் தாழ்த்தினான். "கிடைச்சுதா?"

"இன்னும் நாலு சட்டி இருக்கு."

"விட்டுறாதீங்க."

வழக்கத்தை விடாமல் காளிதாசன் இரண்டு வண்டிகளின் பின்பக்கத்தையும் பார்த்தார். இழுவை வண்டி சமமாக நின்றது. தொங்குகிற வண்டியோ நிமிர்ந்தே இருந்தது. இரண்டு யோக்கியர்களுக்கும் தடுப்பைத் தூக்கிவிட்டு, தகவல் சொன்னதற்கு நன்றியும் சொல்லி அனுப்பினார்.

கடைசித் தேக்சாவில் ஓர் அகப்பை கிடைத்தது.

சாயங்காலம் மேனேஜர் வாசலுக்கு வந்தார். தோட்டத்துக்குள்ளே பாதையோரம் குவித்திருந்த குலைகளைக் காணவில்லை.

"நம்ம வாசல் வழியா போகலை சார்" என்றார் காளிதாசன். "சந்தேகப்பட்ட வண்டியச் சட்டி சட்டியாச் சோதிச்சிட்டேன். வேற போனது விக்னேஸ்வரன் மட்டும்தான். கான்ட்ராக்டரோட பிக்கப்ப இழுத்துட்டுப் போனான். ரெண்டு வண்டியும் பின்பக்கம் தாழவே இல்ல சார்."

மேனேஜர் கான்ட்ராக்டருக்குப் போன் போட்டார். அவர் அந்த நேரத்தில் பண்டார் பாருவில் தன் பிக்கப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறதாம்.

போனைப் பையில் போட்டுவிட்டு மேனேஜர் மெதுவாகக் கேட்டார்:

"பின்பக்கத்தச் சங்கிலியில தூக்கிக் கட்டியிருந்தா, அது எப்படிப்பா தாழும்?"

அடுத்த வாரம், வீட்டைக் காலி செய்ய கவுஸ்தான் பிக்கப்பைக் கொடுத்தார். கட்டில், பீரோ, துணி துவைக்கிற மெஷின், முகத்தைத் திருப்பிக்கொண்ட வாசுகி என்று எல்லாம் ஏறிய பிறகும் அதன் பின்பக்கம் ஒரு விரல்கூடத் தாழவில்லை.